எதிர்ப்பக்கத்தார்க்கும் ஓர் ஆசனம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சமயப்பற்றுள்ளோர் கூடும் இம்மண்டபத்தில், சமயத்தை ஏற்காதோர் நடத்திவந்த சொற்பொழிவுகளையும் விவாதங்களையும் பற்றிப் பேச நாம் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். திருமுறை ஓதி விழாவைத் தொடங்கிய நாவினாலேயே நாஸ்திகரின் கதையைச் சொல்வதா என்று கேட்பாரும் இருப்பர். அவர்களுக்கு நாம் முதற்கண் கூறுவது இதுவே: எமது சங்கத்தின் விவாதக் குழு, “கடவுள் நம்பிக்கையின்றியும் அறம் நிலைக்கும்” என்ற பொருளை வரும் ஆண்டிற்கு எடுத்துக்கொண்டுள்ளது. அப்பொருளை நாட்டிப் பேச வெளியிலிருந்து ஒரு பகுத்தறிவாளரை அழைக்கலாமா, அல்லது எமக்குள்ளேயே ஒருவரை நாஸ்திகராக வேடம் பூணச் செய்து, அவரைத் தோற்கடித்து மகிழலாமா என்பதே இப்பொழுது எம்முன் உள்ள வினா. இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியே இன்றைய உரை.

ஹியூமனிஸ்ட் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படுவோரை நாம் மனிதாபிமானக் கொள்கையினர் எனலாம். மறுமையையும் தெய்வ ஆணையையும் துணையாகக் கொள்ளாது, மனிதன் மனிதனுக்குச் செய்யவேண்டியவை எவை என்று ஆராய்ந்து வாழ முயல்வதே அவர்தம் கொள்கை. இங்கிலாந்தில் இத்தகையோர் ஊர்தோறும் சிறு சங்கங்களாகக் கூடினர். அவர்களிடம் கோயில் இல்லை, பூசை இல்லை, குருமாரும் இல்லை. ஞாயிறு மாலையில் ஒரு சொற்பொழிவு, அதன் முடிவிலே வினாக்கள், பின்னர் மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. இவையே அவர்களுடைய வழிபாடு என்று சொல்லிவிடலாம்.

இவற்றுள் புகழ்பெற்றது லெஸ்டர் நகரத்து உலகியற் சங்கம். லெஸ்டர், காலுறையும் சப்பாத்தும் செய்யும் தொழிலாளர் நிறைந்த நகரம். 1851ஆம் ஆண்டிலே தோன்றியதாகச் சொல்லப்படும் அச்சங்கத்துக்கு நெடுங்காலம் சொந்த இடம் இருக்கவில்லை. கொள்கை பிடிக்காதோர் தம் மண்டபங்களை வாடகைக்குக் கொடுக்கவும் மறுத்தனர். ஹோலியோக் என்னும் பேச்சாளருக்கு இவ்வாறு கதவு அடைக்கப்பட்டபோது, “நமக்கென ஒரு மண்டபம் கட்டுவோம்” என்று முன்வந்தவருள் முதல்வர் ஜோசியா ஜிம்சன் என்ற இயந்திரத் தொழிலதிபர். 1881இல் மண்டபம் எழுந்தது. அதன் முகப்பிலே சுட்ட மண்ணாற் செய்த ஐந்து தலைச்சிற்பங்கள் வைக்கப்பெற்றன. சோக்கிரதீசர், வால்த்தேயர், தொமஸ் பெயின், ராபட் ஓவன் என்னும் நால்வரோடு ஐந்தாமவராக இயேசுநாதரும் அங்கே இடம்பெற்றார். தேவாலயத்தை ஏற்காதோர் இயேசுநாதரை வாசலில் வைத்தது கண்டு ஊரிலே கண்டனம் எழுந்தது. மனிதருக்கு வழிகாட்டிய மனிதர் என்ற அளவில் அவரும் தமக்குரியவரே என்று அவர்கள் கருதினர். எதிர்ப்பக்கத்தாரின் தலைவரையும் தம் வாசலிலே மதித்து வைத்த அந்த மனவிரிவை நாம் கவனிக்கவேண்டும்.

அம்மண்டபத்தில் ஒரு சொற்பொழிவு என்ன செய்யக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் தருவோம். 1884 ஜனவரியில் கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மொறிஸ் அங்கு கலையும் பொதுவுடைமையும் என்ற பொருள்பற்றிப் பேசினார். கேட்டோருள் ஜிம்சனின் மகன் ஏர்னெஸ்ட் என்னும் பத்தொன்பது வயது இளைஞரும் ஒருவர். கூட்டம் முடிந்தபின்னும் மொறிஸோடு அளவளாவும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. மொறிஸின் சிபாரிசைக் கொண்டே அவர் பின்னர் இலண்டன் சென்று கட்டடக்கலை பயின்றார். காலப்போக்கில் ஆங்கில நாட்டின் கைவினை இயக்கத்துத் தலைசிறந்த மரத்தளபாட வகுப்பாளருள் ஒருவராயினார். ஓர் ஊர்ச் சங்கம் ஒரு மாலைப்பொழுதில் நடத்திய பேச்சு, ஓர் இளைஞரின் வாழ்நாளைத் திசைதிருப்பிவிட்டது. ஆண்டுக்கு எத்தனை கூட்டம் வைத்தோம் என்று கணக்குப் பார்க்கும் நாம், எத்தனை இளைஞரின் வாழ்வு அவற்றால் மாறிற்று என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

இலண்டனிலும் இத்தகையதொரு சபை உண்டு. 1793இல் தோன்றிய அது, ஆதியிலே கிறிஸ்தவ சபையாகவே இருந்தது. கருணையுள்ள கடவுள் தம் மக்களை என்றென்றும் நரகத்தில் வைத்து வாட்டுவாரா என்ற ஒரே வினாவில் அது மற்றைய சபைகளினின்றும் வேறுபட்டது. நித்திய நரகத்தை மறுத்துத் தொடங்கிய சபை, படிப்படியாக மற்றக் கோட்பாடுகளையும் வினாவி, ஈற்றிலே ஜெபத்தையும் விட்டு, அறநெறிச் சங்கமாக மாறிற்று. 1929இல் அது கட்டிய கொன்வே மண்டபம் சொற்பொழிவுக்கும் சங்கீதத்துக்கும் பெயர்பெற்றது. ஒரு வினாவைத் தடுக்காது விட்டால் அது எவ்வளவு தூரம் சென்றுவிடும் என்று அஞ்சுவோர் இவ்வரலாற்றை எடுத்துக்காட்டலாம். அவ்வச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை; அதற்குச் சற்றுப்பின் வருவோம்.

இம்மேடைகள் எளிதில் கிடைத்தவையல்ல. மேலே கூறிய ஹோலியோக், 1842இல் செல்ற்றனம் என்னும் ஊரில் தொழிலாளர் குடியேற்றங்களைப்பற்றிப் பேசினார். பேச்சிலே கடவுளைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. முடிவிலே சபையிலிருந்த ஒருவர் எழுந்து, மனிதனுக்கு மனிதன் செய்யும் கடமையைச் சொன்னீர், கடவுளுக்குச் செய்யும் கடமை யாது என்று கேட்டார். கேட்டவருக்கு அவர் தம் மனத்திற் பட்டதை மறையாது விடைகூறினார். அவ்விடைக்காக ஆறுமாதச் சிறைவாசம் விதிக்கப்பட்டது. அவர் சிறையில் இருந்த காலத்தில் அவருடைய சிறு பெண்குழந்தை இறந்துபோயிற்று. சபையோர் வினாவுக்கு உண்மையாக விடைகூறியவர் கொடுத்த விலை அது.

சாள்ஸ் பிராட்லாவின் வரலாறும் அத்தகையதே. 1880இல் நோதாம்ற்றன் தொகுதி மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்குத் தெரிந்தெடுத்தனர். நாஸ்திகர் என்ற காரணத்தால் அவரை ஆசனத்தில் அமரவிடாது தடுத்தனர். மக்கள் மீண்டும் மீண்டும் அவரையே தெரிந்தனுப்பினர். 1886இலேதான் அவர் சத்தியம் செய்து அமர முடிந்தது. கடவுள்பெயரால் சத்தியம் செய்ய விரும்பாதார் உறுதிமொழி கூறினாற் போதும் என்ற 1888ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய முயற்சியால் வந்தது. அவரோடு மேடைகளிற் பேசிய அன்னி பெசன்ற் அம்மையார் ஒரு பாதிரியாரின் மனைவி. கணவரையும் தேவாலயத்தையும் விட்டு வெளியேறிய அவர், 1878இல் தம் மகளை வளர்க்கும் உரிமையையும் நீதிமன்றத்தில் இழந்தார். அவருடைய கொள்கைகளும் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. அதே அன்னி பெசன்ற் 1889இல் பிரமஞான சபையிற் சேர்ந்தார். நாஸ்திக மேடையின் சிறந்த பேச்சாளர் 1893இல் இந்தியா வந்து, 1898இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியைத் தாபித்து, 1907இல் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அச்சபைக்குத் தலைவரானார். விவாத மேடையிலே வளர்ந்தவர் எமது உபநிடதங்களின் பக்கம் வந்து நின்றார்.

ஹரியட் லோ என்பவர் கதை இதற்கு எதிர்த்திசையிற் செல்வது. உறுதியான கிறிஸ்தவ பக்தையான அவர், நாஸ்திகப் பேச்சாளரை எதிர்த்து வாதிடவென்றே கிழக்கு இலண்டன் கூட்டங்களுக்குச் சென்றார். வாதிட்டு வாதிட்டுக் கடைசியில் தாமே அவர்கள் பக்கம் சேர்ந்து அவர்களுடைய முன்னணிப் பேச்சாளர் ஆனார். தொமஸ் கூப்பர் என்னும் மற்றொருவர் லெஸ்டர் நகரிலே தொழிலாளர் தலைவராக விளங்கியவர். நம்பிக்கையிழந்து பகுத்தறிவு மேடைகளிற் பேசிவந்த அவர், 1856இல் மீண்டும் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பி, வாழ்நாள் முழுவதும் அதற்காகவே வாதிட்டார்.

இம்மூவரையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போம். ஒருவர் நம்பிக்கையை விட்டார். ஒருவர் விட்டதை மீண்டும் பெற்றார். ஒருவர் முற்றிலும் புதியதொரு நம்பிக்கையைக் கண்டார். மெய்யான விவாதத்தில் இறங்குபவன் போனபடியே திரும்பிவருவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எம் இளைஞர் வழிதவறிவிடுவரே என்ற பெரியோரின் அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் அந்த அபாயம் இருபக்கத்தார்க்கும் பொதுவானது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். நாம் அழைக்கும் பகுத்தறிவாளரும் தம் கொள்கையைப் பணயம் வைத்தே எமது மண்டபத்துப் படியேறுகிறார். எமக்குள்ளேயே ஒருவரை வேடம் பூணச் செய்து நடத்தும் விவாதத்திலே யாருக்கும் அபாயமில்லை. அதனால் யாருக்கும் பயனுமில்லை.

இனி, எம் நாட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலை, பின்னாளில் மத்திய கல்லூரி எனப் பெயர்பெற்றது. ஆறுமுக நாவலர் அங்கேயே பயின்றார், அங்கேயே கற்பித்தார், பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். மிஷன்மாரோடு அவ்வளவு நெருங்கிப் பழகியதனாலேயே அவர்தம் முறைகளின் வலிமையை அவர் அறிந்தார். 1847 டிசம்பர் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடம், பிரசங்கம், அச்சியந்திரம் ஆகிய மூன்றையும் சைவத்தின் பணிக்கு ஆக்கினார். எதிர்ப்பக்கத்தாரைக் கேளாதிருந்திருப்பின் நாவலர் நாவலராகியிருப்பாரா?

அதே கல்லூரிக்கு எண்பது ஆண்டுகள் கழித்து இன்னொருவர் வந்தார். திருவல்லாவில் 1898இல் ஒரு சிரியன் கிறிஸ்தவ குருவின் மகனாகப் பிறந்து, கல்கத்தாவில் தாவரவியல் பயின்ற ஆபிரகாம் கோவூர் அவர். மத்திய கல்லூரியில் அவரிடம் ஒருமுறை வேதாகம பாடம் ஒப்படைக்கப்பட்டது என்றும், மாணவர் யாவரும் பரீட்சையிற் சிறப்பாகச் சித்தியடைந்தனர் என்றும், அடுத்த ஆண்டு அப்பாடம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. மாணவர் பரீட்சையில் வென்று விசுவாசத்தில் தோற்றுவிட்டனர் என்பதே காரணமாம். ஆசிரியத் தொழிலினின்றும் ஓய்வுபெற்றபின், இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக 1978இல் இறக்கும்வரை அவர் உழைத்தார். மோசடிக்கு இடமில்லாத நிலையில் தெய்வீக சக்தியை நிரூபித்துக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக அறைகூவினார். மூடிய உறைக்குள் இருக்கும் காசுத்தாளின் இலக்கத்தைச் சொல்லுதல் முதலிய பல சோதனைகளை நிபந்தனையாக வைத்தார். பரிசை வென்றார் ஒருவரும் இலர். தம் கண்களைத் தானமாகவும், எலும்புக்கூட்டை மாணவர் படிப்பதற்காகவும் கொடுக்கும்படி எழுதிவைத்தே அவர் இறந்தார்.

கோவூரின் அறைகூவலைக் கேட்டு அக்காலத்தில் எம்மவர் பலர் கொதித்தனர். ஆறுதலாகச் சிந்திப்போமாயின், அவர் அறைகூவியது சிவபெருமானையா, அல்லது சாமியின் பெயரால் பணம் பறிப்போரையா? சித்துக்களைக் காட்டிக் கூட்டம் சேர்ப்பதை எமது ஞானியர் உயர்ந்த நிலையாகக் கொண்டதில்லை. வெறுங்கையில் விபூதி வரவழைப்பவன் அகப்பட்டுக்கொண்டானாயின் அதனால் விபூதிக்கு வந்த குறைவென்ன? வீட்டுக் கூரையிலே கல் விழுகிறது, பேய் பிடித்துவிட்டது என்று கலங்கிய குடும்பங்கள் பல அவரை நாடிச் சென்றன. அவர் காரணத்தைத் தேடிக் கண்டு ஆறுதல் கூறினார். கோயில் முற்றத்தைக் கூட்டிச் சுத்தம் செய்ய யார் விளக்குமாறு எடுத்தாலும் அது தொண்டுதானே? அதேவேளையில், கோவூர் தொடாத பகுதியும் உண்டு. நெற்றிவேர்வை சிந்தி ஒரு தாய் தன் பிள்ளைக்காக நேர்த்தி வைத்துத் தீ மிதிக்கிறாள். கால் சுடுகிறதா இல்லையா என்பது அவள் கேட்கும் வினாவன்று. தன் அன்புக்கு ஓர் உருவம் தேடுகிறாள். இந்தப் பதிலை நாம் கோவூர் போன்றவரின் முகத்தெதிரே நின்று, அமைதியாகச் சொல்லத் தெரிந்தவர்களாக இருத்தல்வேண்டும். அவரில்லாத மண்டபத்தில் கைதட்டலுக்காகச் சொல்வது பெரிதன்று.

எப்படிச் சொல்லவேண்டும், எப்படிச் சொல்லலாகாது என்பதற்குக் காந்தியடிகளின் சுயசரிதையிலே ஒரு நிகழ்ச்சி உண்டு. 1891இல் பிராட்லா இறந்தபோது இருபத்தொரு வயது மாணவராக இலண்டனில் இருந்த காந்தி, இந்தியாவின் நண்பராகிய அவருடைய நல்லடக்கத்துக்குச் சென்றார். ஆஸ்திகரான ஓர் இந்து இளைஞர் நாஸ்திகரின் இறுதிச் சடங்குக்குப் போனார் என்பதை முதலில் மனத்திற் கொள்க. பாதிரிமார் சிலரும் வந்திருந்தனர். திரும்பும் வழியில் புகையிரதத்துக்காகக் காத்திருக்கையில், நாஸ்திகர் ஒருவர் ஒரு பாதிரியாரை மடக்கத் தொடங்கினார். பூமியின் சுற்றளவு இத்தனை மைல் என்று ஒப்புகிறீர் அல்லவா, அப்படியாயின் உம்முடைய கடவுளின் பருமன் எவ்வளவு, அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். நாம் அறிவோமாயின் அவர் நம் இருவர் உள்ளத்திலும் இருக்கிறார் என்றார் பாதிரியார். என்னைக் குழந்தையென்று எண்ணாதீர் என்று கூறி, வென்றுவிட்டவர்போலச் சுற்றியிருந்தோரை நோக்கினார் நாஸ்திகர். பாதிரியார் பணிவோடு மௌனமானார். இவ்வுரையாடல் நாஸ்திகத்தின்மேல் தமக்கிருந்த வெறுப்பை மேலும் வளர்த்தது என்று எழுதுகிறார் காந்தியடிகள்.

அன்று வாதத்தில் வென்றவர் கேட்டவரின் உள்ளத்தை இழந்தார். இதே தவற்றை ஆஸ்திகர் செய்வதில்லையா? பகுத்தறிவாளர் ஒருவர் எமது மேடையில் தடுமாறும்போது நாம் சிரித்துக் கூச்சலிட்டால், எம் நடுவே மௌனமாக இருக்கும் ஐயமுள்ள இளைஞன் எந்தப் பக்கம் சாய்வான்?

அக்காந்தியடிகளே முதுமையில் வேறொரு நாஸ்திகரோடு நெடிது உரையாடினார். கோரா என வழங்கப்பெறும் ஆந்திர நாட்டு கோபராஜு இராமச்சந்திர ராவ் அவர். எம் கொழும்பு நகரிலும் சிறிதுகாலம் ஆசிரியராக இருந்தவர். கிராமங்களிலே தீண்டாமையை ஒழிக்கவும் எல்லோரும் ஒருபந்தியில் உண்ணவும் அவர் செய்த வேலையே காந்தியடிகளை அவர்பால் ஈர்த்தது. தமது ஆஸ்திகமே சரியென்றாவது கோராவின் நாஸ்திகம் பிழையென்றாவது தம்மாற் சொல்லமுடியாது, இருவரும் உண்மையைத் தேடுவோரே என்ற கருத்துப்படக் காந்தியடிகள் பேசியதைக் கோரா 1951இல் வெளியான தம் நூலிற் பதிந்துள்ளார். கோராவின் மகள் தாழ்த்தப்பட்ட குலத்து இளைஞர் ஒருவரை மணப்பதற்குச் சேவாக்கிராமத்தில் இடமளித்து, மணச்சடங்கில் கடவுளின் பெயருக்குப் பதிலாக உண்மையின் பெயரைச் சொல்லவும் அடிகள் இசைந்தார். 1948 மார்ச்சில் அத்திருமணம் நடந்தபோது அடிகள் உயிரோடு இல்லை. இராமநாமத்தை இறுதிவரை மறவாத ஒருவர் அவ்வாறு விட்டுக்கொடுத்தார். அவர் பக்தியில் அதனால் ஏதும் குறைந்ததென்று யாரேனும் சொல்வரா?

இவ்விடத்தில் எமக்குக் கசப்பான ஓர் உண்மையையும் கூறாமல் விடலாகாது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1924இல் மாணவர் இயக்கமாகத் தோன்றியது. சைவரும் கிறிஸ்தவரும் கலந்திருந்த அவ்வியக்கமே காந்தியடிகளை 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் ஒரே ஆசனத்தில் இருக்கவேண்டும் என்று அவர்கள் போராடியபோது எதிர்த்தோருட் பலர் எம் சமயத்தின் பெயராலேயே எதிர்த்தனர். 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அடியார் ஒருசாரார் உட்செல்ல முடியாது நின்றனர். அவர்களுக்காகக் குரல்கொடுத்தோருள் பொதுவுடைமைக்காரர் பலர் இருந்தனர். கோயிலிலே நம்பிக்கையில்லாதவர், கோயில் எல்லோருக்கும் திறக்கவேண்டும் என்று போராட, கோயிலை நம்பியவர் சிலர் கதவை அடைத்து நின்ற காட்சியை என்னவென்று சொல்வது? “கடவுள் நம்பிக்கையின்றியும் அறம் நிலைக்குமா?” என்று நாம் கேட்கப்போகிறோம். “நம்பிக்கையிருந்தும் அறம் எங்கே போயிற்று?” என்று எதிர்ப்பக்கத்தார் திருப்பிக் கேட்பர். அக்கேள்வி எம் மண்டபத்தில் எழவேண்டும். எழுந்தால்தான் அதற்கு நாம் வாழ்விலே விடைகூறப் புறப்படுவோம்.

இவையெல்லாம் மேனாட்டார் புதுமை என்று தள்ளிவிடுவாரும் உளர். அப்படியன்று. பட்டிமண்டபம் என்ற சொல்லே பழந்தமிழ்ச் சொல். மணிமேகலையில் விழாவறை காதையிலே, சமயவாதிகள் முறையறிந்து பட்டிமண்டபத்தில் ஏறுக என்றும், பகைவரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுக என்றும் முரசறைவோன் நகரத்தாருக்கு அறிவிக்கிறான். அக்காவியத்திலேயே மணிமேகலை வஞ்சி நகரில் பத்துச் சமயவாதிகளை ஒருவர்பின் ஒருவராக அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சைவவாதியும் அங்கே உளர். கண்டதையன்றி வேறொன்றையும் கொள்ளாத பூதவாதியும் உளர். பூதவாதியை அவள் வைது துரத்தவில்லை. உன் தாய் தந்தையர் இன்னாரென்று நீ எவ்வாறு அறிந்தாய் என்ற கருத்தில் ஒரு வினாவே கேட்கிறாள். கேட்டபின்னன்றோ அவள் தன் வழியைத் தெரிந்துகொள்கிறாள்.

பௌத்த காவியத்தை விட்டுச் சைவ சாத்திரத்துக்கு வருவோம். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரிலே பரபக்கம் என ஒரு பகுதி உண்டு. உலகாயதம் முதல் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு மதங்களை அது ஆராய்கிறது. ஒவ்வொன்றிலும் முதலில் எதிரியின் கொள்கை அவன் வாயாற் சொல்வதுபோலக் கூறப்படும், அதன்பின்னரே மறுப்பு. கடவுளையே மறுக்கும் உலகாயதனுக்குச் சைவ சித்தாந்த நூலில் முதல் ஆசனம் கொடுக்கப்பட்டிருக்கிறது. சுபக்கம் என்ற தம் கொள்கையை ஆசிரியர் அதற்குப் பின்பே வைத்தார். பரபக்கத்தைப் பாடமாக ஓதும் சமயத்தினர் பகுத்தறிவாளர் ஒருவரை மேடையில் இருத்த அஞ்சலாமா?

சம்பந்தப் பெருமான் வரலாற்றில் வாதிலே தோற்றவர் கழுவேறினர் என்று சேக்கிழார் பாடுகிறாரே என்று கேட்கலாம். அவ்வாறு நிகழ்ந்ததா என்பதிலே ஆராய்ச்சியாளர்க்கு ஐயம் உண்டு. நிகழ்ந்தாயினும் ஆகுக, தோற்றவன் உயிர் வாழலாகாது என்ற நிபந்தனையோடு நடக்கும் வாதத்தை இன்று எவரும் எமக்கு முன்மாதிரியாகக் காட்டமாட்டார். அனலிலும் வேகாத பதிகத்தின் பொருளை நெஞ்சிலே வைத்துக்கொண்டு, முறையை மணிமேகலையின் முரசறைவோனிடமும் அருணந்தியாரிடமும் கற்றுக்கொள்வோம்.

ஆதலின் எமது விவாதக் குழுவுக்கு நாம் சில யோசனைகளை வைக்கின்றோம். நாட்டிப் பேசவேண்டியவர் அக்கொள்கையை உண்மையிலேயே உடையவராக இருக்கட்டும். மறுக்க எழும் எம்மவர், முதற் சில நிமிடங்களில் எதிரியின் கருத்தைத் தம் சொல்லில் எடுத்துரைக்கட்டும். “ஆம், நான் சொன்னது அதுவே” என்று எதிரி தலையசைத்த பின்னரே மறுப்புத் தொடங்கட்டும். பேச்சுக்கு எவ்வளவு நேரமோ வினாவுக்கும் அவ்வளவு நேரம் வேண்டும். கையுயர்த்தி வாக்கெடுத்துக் கடவுள் உண்டு இல்லையென்று முடிவுகட்டும் வழக்கத்தை விட்டுவிடுவோம். பெரும்பான்மை வாக்கால் இருக்கவோ இல்லாதுபோகவோ கூடிய பொருளன்று அது. வென்றவர்க்குக் கேடயம் வேண்டாம். பெண்கள் சபையில் மட்டுமன்றி மேடையிலும் இருக்கட்டும். எக்குலத்தாரும் எவ்வரிசையிலும் இருக்கலாம் என்பதை அழைப்பிதழில் எழுதவேண்டிய தேவையே இல்லாதவாறு எம் நடத்தை அமையட்டும். கூட்டம் முடிந்தபின் இருபக்கத்தாரும் ஒருபந்தியிற் சேர்ந்திருந்து உண்ணட்டும்.

இவ்வாறு செய்வதால் எம்முள் ஒரு சிலர் நம்பிக்கை தளர்ந்து வெளியேறக்கூடும். அதனை மறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. ஆனால், வினாவுக்கு இடமில்லாத சங்கத்தினின்றும் இளைஞர் வெளியேறாமல் இருக்கின்றனரா? அவர்கள் சத்தமின்றி வெளியேறுகின்றனர். திருவிழாவுக்கு மட்டும் வந்து தலைகாட்டுகின்றனர். உள்ளத்திலே எப்போதோ விடைபெற்றுவிட்டனர். கேட்டு, வாதித்து, வருந்திப் பிரிந்தவன் ஒருநாள் திரும்பிவரக்கூடும். கேட்க இடமில்லாமல் ஓசையின்றிப் போனவன் திரும்பிவர வழியறியான்.

நாம் மிஷன் கல்லூரியிற் பயின்றவர்கள். நாள்தோறும் காலையில் பிறர் ஜெபத்தைக் கேட்டு நின்றோம். மாலையில் வீடு வந்து விபூதி தரித்தோம். பிறர் நம்பிக்கையைக் கேட்டதனால் எமது நம்பிக்கை கரைந்துவிடவில்லை. எது எமது என்று தெளிவாயிற்று. அத்தெளிவை எம் தம்பி தங்கையர் எமது சங்கத்திலேயே பெறட்டும் என்பதே எம் வேண்டுகோள்.

வரும் ஆண்டு விவாத மேடையில் எதிர்ப்பக்கத்தார்க்கும் ஓர் ஆசனம் இடுங்கள். எம் ஆசனத்தின் உயரத்திலேயே அதுவும் இருக்கட்டும்.